எங்கள் பிள்ளை போல

ஆசிரியர் விடுதி,
டயகம.
14.07.2025

மதிப்புக்குரிய திரு. மு. பிரதாப் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் நிலுக்ஷிக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் கேதீஸ்வரி எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பள்ளிக்கு வருவீர்கள் என்று பார்த்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் உங்களுக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை என்று பிள்ளை சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நிலுக்ஷிக்கு ஏ சித்தி. நான் இங்கு வந்த பிறகு இரண்டிலும் ஏ எடுத்த பிள்ளை இவள் ஒருத்திதான். எங்கள் பள்ளியில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. ஹட்டனில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையில் விசாரித்தேன், இடம் நிரம்பிவிட்டது என்கிறார்கள். டொக்டராக வரக்கூடிய பிள்ளை. வீட்டில் இருத்திவிட்டால் பாவம்.

என் அக்கா ஊர்மிளா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறார். வங்கி உத்தியோகம். அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நல்ல பெண்கள் பாடசாலை ஒன்று உண்டு. நிலுக்ஷி அங்கே தங்கிப் படிக்கலாம். அக்காவோடு கதைத்துவிட்டேன். அவருக்குச் சம்மதம்.

உங்கள் மனைவி சண்முகவடிவு அவர்களையும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கண்டு சொன்னேன். அவருக்கும் விருப்பம் என்றுதான் எனக்குப் பட்டது. நீங்கள் வந்து பள்ளி விடுகைப் பத்திரத்துக்கு ஒரு கையெழுத்து வைத்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ம. கேதீஸ்வரி


டயகம,
18.07.2025

கேதீஸ்வரி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து என் கைக்கு வந்தது. ஓரம் பிரிந்திருந்தது. யார் யார் படித்தார்களோ தெரியாது. இனி எழுதினால் டவுனில் ஸஜ்ஜாத் நானாவின் கடையில் கொடுங்கள். அவர் மற்றவர் கடிதத்தைத் தொடமாட்டார்.

பள்ளிக்கு வரச் சொல்கிறீர்கள். போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தேன். எழுந்து நின்று, “எங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீசு டீச்சர் எப்பங்க வருவாங்க?” என்று கேட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு டீச்சர்மார் நான் கேட்ட மாதிரியே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். நீங்கள் அதில் இருந்தீர்களா என்று தெரியாது. அன்றிலிருந்து நான் அந்தப் படி ஏறுவதில்லை. எழுத்தில் பேசுவோம். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

என்னிடம் கேட்காமல் என் மனைவியிடம் ஏன் போனீர்கள்? கொழுந்து நிறுக்கிற நேரம், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பக்கத்தில் நிற்கிறார். அந்த இடத்தில் யார் என்ன கேட்டாலும் அவள் “சரிங்க” என்றுதான் சொல்வாள். அதைப் போய் விருப்பம் என்று எழுதுகிறீர்கள்.

இத்தனை பிள்ளைகள் இருக்க என் மகள் மேல் மட்டும் ஏன் இத்தனை அக்கறை? உங்கள் அக்காவுக்கு இதில் என்ன கிடைக்கிறது? அந்த வீட்டில் சமைக்கிறது யார், பாத்திரம் கழுவுகிறது யார்? நீங்கள் எப்போது டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போகப்போகிறீர்கள்? இதுவரைக்கும் உங்கள் ஊரிலிருந்து வந்த எல்லாரும் நியமனத்துக்காக மலை ஏறி, கன்பர்ம் ஆனதும் இறங்கினவர்கள்தான்.

பதில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

மு. பிரதாப்


டயகம,
22.07.2025

திரு. பிரதாப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து ஒரு நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன். உடனே எழுதியிருந்தால் கூடாத சொல் வந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் வாசலில் நின்று வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சிரித்தவர்களோடு நான் இருக்கவில்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். உங்கள் மனைவியிடம் முதலில் போனது அவர் தாய் என்பதால். வேறொரு கள்ளமும் இல்லை.

இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. என் அம்மா தனிய இருக்கிறார். தகப்பன் இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். நான் ஊருக்குப் போக ஆசைப்படுவது குற்றமா? போவதற்கு முன் ஒரு பிள்ளையையாவது சரியான இடத்தில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

யாழ்ப்பாணத்தார் என்றால் எல்லோரும் மாடிவீட்டில் பிறந்தவர்கள் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. நான் இடம்பெயர்ந்தோர் முகாமில், புளியமரத்துக்குக் கீழ் இருந்து அ, ஆ படித்தவள். குண்டு விழுகிற சத்தம் கேட்டால் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் ஓடினவள். எங்களுக்கும் படிப்பு சும்மா கிடைக்கவில்லை.

அக்கா வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை. அக்காதான் சமைக்கிறார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நிலுக்ஷி அங்கே மூன்றாவது பிள்ளை. எங்கள் பிள்ளை போலத்தான் இருப்பாள், இதை நான் எழுத்தில் தருகிறேன்.

ம. கேதீஸ்வரி


டயகம,
26.07.2025

டீச்சர்,

“எங்கள் பிள்ளை போல.” இந்த மூன்று சொல்லையும் எங்கள் லயத்து வீட்டில் இதற்கு முன் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அப்போது ஐந்து வயது. என் அக்கா அழகம்மாவுக்குப் பத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் லயத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிப் போட்டார். “இவள் கெட்டிக்காரி. இங்கை இருந்தால் கொழுந்துதான் பறிப்பாள். என்னோடை அனுப்புங்கோ, எங்கடை பிள்ளை போலப் படிப்பிக்கிறன்” என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் அக்கா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நானும் போக வேண்டும் என்று அழுதேன்.

பிறகு சண்டையில் பாதை மூடிப்போனது. அப்பா சாகும்போதும் அக்காவைப் பற்றி ஒரு சேதி இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு சாயங்காலம் ஒரு பெரிய பெண் வாசலில் வந்து நின்று, “அம்மா, நான் வந்திட்டன்” என்றாள். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நான் சிரித்தேன். மறுநாள் தோட்டத்தில் பேர் பதியக் கூட்டிப் போனோம். கிளாக்கர் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா பெருவிரலை நீட்டினாள். மாஸ்டர் வீட்டில் பத்து வருடம் இருந்தவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள்.

நீங்கள் பதுங்கு குழியைப் பற்றி எழுதினீர்கள். உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதே பதுங்கு குழியில் என் அக்காவும் இருந்திருக்கிறாள். அவள் கையில் கொப்பி இல்லை.

மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று மேடை போட்டுப் பேசினார்கள். கப்பலில் வந்தது, காட்டில் செத்தது, பிரஜாவுரிமை போனது எல்லாம் பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரன் செய்ததை எல்லாரும் எழுதுகிறார்கள், அரசாங்கம் செய்ததையும் எழுதுகிறார்கள். ஒரே பாஷை பேசுகிறவர்கள் செய்ததை எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதுவீர்கள்?

நிலுக்ஷி இனி உங்கள் மேலதிக வகுப்புக்கு வரமாட்டாள். எங்கே, என்ன என்று கேட்க வேண்டாம். அது எங்கள் வீட்டு விஷயம்.

பிரதாப்


டயகம,
04.08.2025

திரு. பிரதாப் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கதையை வாசித்தேன். அந்த மாஸ்டருக்காக நான் மன்னிப்புக் கேட்டால் அது உங்களுக்குப் பரிகாசமாகப் படும்.

ஆனால் இன்னொன்றைக் கேட்காமல் விட முடியாது. நிலுக்ஷி எங்கே?

அவளை ஒருவரும் காணவில்லை. அவள் ஒரு பையோடு கொழும்பு பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக அவளோடு படித்த பிள்ளை சொல்கிறாள். கொழும்பு வீடுகளுக்குப் பெண் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற தரகர் ஒருவர் உங்கள் தோட்டத்து டிவிசனுக்கு வந்து போவதாக டவுனில் கதை இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். உங்கள் மனைவி கதவைப் பாதி திறந்து, “அவுங்ககிட்டயே எழுதிக் கேளுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார். அவருடைய முகம் அழுத முகம்.

என் அக்கா வீட்டுக்குப் படிக்க அனுப்ப மாட்டேன் என்ற மனிதர், முன்பின் தெரியாத வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினாரா? உங்கள் அக்காவுக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லியே அதை உங்கள் மகளுக்கும் செய்கிறீர்களா? இப்படி எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு விதமாக நினைக்க நீங்கள் ஒரு வழியும் விடவில்லை.

பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரியிடம் இன்று காலை அறிவித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்ல வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ம. கேதீஸ்வரி


டயகம,
08.08.2025

டீச்சர்,

உங்கள் கடிதம் ஸஜ்ஜாத் நானாவிடம் இருந்து என் கைக்கு வருவதற்கு முன் ஜீப் வந்துவிட்டது.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரம். பொலிஸ்காரர் இரண்டு பேர், அதிகாரி அம்மா ஒருவர். லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடையைத் தலையில் மாட்டியபடி நின்று பார்த்தார்கள். “மகளை எவ்வளவுக்கு விற்றாய்?” என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருப்பார். சண்முகவடிவு அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நிலுக்ஷி நோர்வூட்டில் இருக்கிறாள், என் அக்கா அழகம்மாவின் வீட்டில். கொழும்பு பஸ்ஸில் ஏறி ஹட்டனில் இறங்கி மாறிப் போனாள். அக்கா அங்கே லாபிர் நானாவின் துணிக்கடையில் தையல் வேலை செய்கிறாள். பின்னேரத்தில் நிலுக்ஷி ஹட்டனில் டியூசனுக்குப் போகிறாள். ஜீப் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இப்போது உங்களுக்குத் திருப்தியா?

நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அங்கேயும் வந்து பிள்ளையின் மனதை மாற்றுவீர்கள் என்று நினைத்தேன். மனைவி அழுதது, பிள்ளையை அவளிடம் கேட்காமல் அனுப்பியதற்கு.

உங்களுக்கு இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்தது இரண்டு பெண்கள். சண்முகவடிவு என்னிடம் இதுவரை குரலை உயர்த்தியதில்லை. நேற்று உயர்த்தினாள். “நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருங்க. பிள்ளைக்கு வகுப்பு தொடங்கப் போகுது” என்றாள். அக்காவுக்கு போன் பண்ணினேன். அவள் ஒன்றுதான் சொன்னாள். “நானும் பிள்ளையும் போயி அந்த வீட்டப் பாக்குறோம். குசினியப் பாத்தா, சமைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்டா.”

பிள்ளைக்கும் பார்க்க வேண்டுமாம். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அக்கா சொல்லிவிட்டால் நான் மறுக்க முடியாது. விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போகிறபோது அவர்களைக் கூட்டிப் போங்கள். இரவு அங்கே தங்கக் கூடாது.

பிரதாப்


கரவெட்டி,
19.08.2025

திரு. பிரதாப் அவர்களுக்கு,

உங்கள் அக்காவும் நிலுக்ஷியும் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் அம்மாவோடு இங்கே நிற்கிறேன். பள்ளி தொடங்குவதற்கு வந்துவிடுவேன்.

ஜீப் விஷயத்துக்காக உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் பார்க்க நீங்கள் சம்மதித்தால்.

கொக்குவிலுக்குப் போனோம். நல்லூர்த் திருவிழா நேரம் என்பதால் ரோட்டெல்லாம் சனம். உங்கள் அக்கா பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர்மிளா அக்கா இருவரையும் நன்றாகத்தான் வரவேற்றார். வீட்டைக் காட்டினார். நிலுக்ஷிக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார், மேசை, கதிரை, விளக்கு எல்லாம் போட்டு.

பிறகு ஏதோ கதைக்குக் கதை வந்து என் அக்காவின் மனம் கொஞ்சம் நொந்துவிட்டது. பிள்ளை சின்னப் பிள்ளை, பழக்கமில்லாத இடம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போதைக்கு அங்கே தங்குவது சரிவராது போலிருக்கிறது. அக்காவின் மூத்த மகளுக்கும் இந்த வருடம் பரீட்சை. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ம. கேதீஸ்வரி


டயகம,
24.08.2025

டீச்சர்,

“ஏதோ கதைக்குக் கதை வந்து.” ஒவ்வொரு கடிதத்திலும் பக்கம் பக்கமாக எழுதினவர் நீங்கள். நடந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் அரை வரியோடு நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்கு எழுத வராததை நான் எழுதுகிறேன். என் மகள் சொன்னது, என் அக்கா ஆமாம் என்றது.

உங்கள் அக்கா ஒதுக்கிய அறை குசினிக்குப் பின்னால் இருக்கிறது. மேல் மாடியில் அவர் மகள்மார் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை சும்மா கிடக்கிறது. நிலுக்ஷி கேட்டதற்கு, “கீழை அமைதி, படிக்கலாம்” என்றாராம். சரி. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்களாம். ஆனால் தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை படுகிற உயரத்தில் எண்ணெய்க் கறை வெள்ளையைத் தாண்டி வந்திருந்ததாம். நிலுக்ஷி அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.

“ஆன்ட்டி, இந்த ரூம்ல முன்னாடி யாருங்க இருந்தாங்க?”

“முந்தி ஒரு பிள்ளை நிண்டவள். இப்ப இல்லை.”

“படிக்க நின்னாங்களா, வேலைக்கு நின்னாங்களா?”

“தேத்தண்ணி ஆறுது, வாங்கோ.”

இந்தப் பதிலுக்குப் பிறகு என் அக்கா அந்த அறை வாசலைவிட்டு நகரவில்லை. மகள்தான் பேசியிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆன்ட்டி, நான் படிக்கத்தான் வர்றேன். சமைக்க மாட்டேன். என் உடுப்ப நான் தொவைச்சுக்குவேன், ஒங்க வீட்டு உடுப்பத் தொவைக்க மாட்டேன். அக்காமாருங்க எந்த மேசையில சாப்புடுறாங்களோ அந்த மேசையிலதான் நானும் சாப்புடுவேன். சரின்னா சொல்லுங்க, அடுத்த கெழம வந்துர்றேன்.”

உங்கள் அக்கா அவளிடமிருந்து முகத்தைத் திருப்பினார். உங்களைப் பார்த்து, “கேதி, ஆரை நீ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்?” என்று கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். என் அக்கா தேத்தண்ணியைத் தொடாமல், “வா பிள்ளை, போவம்” என்றாள். முப்பது வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்த ஊர்ப் பேச்சு வந்ததை நிலுக்ஷிதான் கேட்டாள்.

வாய் கூடினவள் என்று உங்கள் அக்கா சொல்லியிருப்பார். நானும் இவளை அடக்கித்தான் வளர்த்தேன். துரையிடமோ டீச்சரிடமோ நிமிர்ந்து பேசாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பேச்சை எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதைச் சண்முகவடிவு இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு இப்போது ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளை யார்? உங்கள் அக்கா வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா?

பிரதாப்


டயகம,
05.09.2025

பிரதாப் அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. நான் அங்கே நின்றேன், கேட்டேன், அதை எழுதவில்லை.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். விடுமுறைகளில் அக்கா வீட்டில் கண்டிருக்கிறேன். வன்னிப் பக்கத்துத் தூரத்துச் சொந்தம், தாய் தகப்பன் இல்லை என்று அக்கா சொன்னார். அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறேன். அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கூச்சம் என்று நினைத்தேன். வாய் திறந்திருந்தால் எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நாள் முழுக்க உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கிறவள் நான். விருந்தாளிகளுக்கு முன்னால் கதைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அக்காவுக்கு அழைத்தேன். சண்டை பிடித்துத்தான் விஷயத்தை எடுத்தேன். பெயர் ரோகிணி. நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டம். வரும்போது பதினான்கு வயது. பின்னேரத்தில் வகுப்புக்கு விடுவதாகச் சொல்லிக் கூட்டி வந்தார்கள், ஒருநாளும் விடவில்லை. போன வருடக் கடைசியில் ஒரு நாள் காலையில் அவளைக் காணவில்லை. “போயிட்டாள்” என்றார் அக்கா. எங்கே போனாள் என்று கேட்டேன். “எனக்கெப்படித் தெரியும்?” என்றார். பதினைந்து வயதுப் பிள்ளை காணாமல் போயிருக்கிறாள், அக்கா ஒரு முறைப்பாடு கூடச் செய்யவில்லை. வேலைக்கு வைத்திருந்தது வெளியில் வந்துவிடும் என்று பயம்.

பிறகு அக்கா கேட்டார், “ஏனடி, எங்கடை ஊரிலை ஆர் வேலைக்கு ஆள் வைச்சிருக்கேல்லை? நீ மட்டும் என்ன பெரிய நீதவானோ?” அவர் கேட்டது உண்மைதான்.

உங்கள் வீட்டுக்கு ஜீப்பை அனுப்பிய அதே அதிகாரியிடம் போனேன். அக்காவின் பெயரும் முகவரியும் கொடுத்தேன். “இவர் உங்கள் சொந்தச் சகோதரியா, நன்றாக யோசித்தீர்களா?” என்று அவர் இரண்டு தரம் கேட்டார். ஒருவர் மகளை விற்றார் என்ற சந்தேகத்தில் நான் அறிவித்தபோது அவர் ஒரு தரம் கூட அப்படிக் கேட்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். யாழ்ப்பாணத்து அலுவலகத்திலிருந்து அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அம்மா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

ஹட்டனில் ஒரு பிள்ளை கொழும்புக்கு மாறிப் போனதில் விஞ்ஞானப் பிரிவில் ஓர் இடம் வந்திருக்கிறது. அதிபரின் அறை வாசலில் உட்கார்ந்து, அவர் சரி என்ற பிறகுதான் எழும்பினேன். திங்கட்கிழமை காலையில் நிலுக்ஷியோடு நீங்களே போய்ச் சேர்த்துவிடுங்கள். என்னைக் காண வேண்டிய அவசியமில்லை. அவள் நோர்வூட்டிலிருந்து போய்வரலாம்.

ரோகிணி வீட்டுக்குத் திரும்பிப் போனாளா, வேறெங்கேயும் அகப்பட்டாளா, அதிகாரிகளுக்கும் இன்னும் தெரியவில்லை. தோட்டத்தின் பெயர் அக்காவுக்கே சரியாகத் தெரியாது. எனக்கு அந்தப் பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

கேதீஸ்வரி


நோர்வூட்,
21.09.2025

டீச்சருக்கு,

நிலுக்ஷியைச் சேர்த்துவிட்டேன். வெள்ளைச் சீருடையை அக்காவே தைத்துக் கொடுத்தாள். இந்தக் கடிதத்தை அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்தபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். உங்கள் அக்காவைப் பிடித்துக் கொடுத்ததை நான் இரண்டு தரம் வாசித்தேன். உண்மையா, எங்களை நம்ப வைக்க எழுதியதா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஒளிக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன். அக்காதான், “சட்டைய மாத்து, நல்லதண்ணிக்குப் போவோம்” என்றாள்.

சிவனொளிபாதமலைக்குச் சனம் ஏறுகிற பருவம் இல்லாத காலம். கடைகள் எல்லாம் பலகை அடித்துக் கிடந்தன. மழை. ஒவ்வொரு டிவிசனாகக் கேட்டுக் கேட்டுப் போனோம். யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்த பிள்ளை என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு லயத்தில் ஒரு அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க யாரு? ஒங்கள எந்த டீச்சரு அனுப்புனது? என் பிள்ளைய திரும்பவும் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?”

நான் என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. நான் அவராக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். உள்ளே ஒரு பிள்ளை எழுந்து பின்பக்கம் ஓடியது தெரிந்தது. ரோகிணிதான். உயிரோடு இருக்கிறாள் டீச்சர். வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, மலைக்கும் போகவில்லை. வெளியாள் வந்தால் ஒளிந்துகொள்கிறாள். தாயிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அக்கா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தாயிடம் ஏதோ காதுக்குள் சொன்னாள். அந்த அம்மா விலகி வழி விட்டார். அக்கா பின்பக்கத்து விறகு அறைக்குள் போனாள். நானும் அந்த அம்மாவும் இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் கடைசிவரைக்கும் போகவில்லை. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது, சொல் விளங்கவில்லை. ஒரே குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கூப்பிட்ட பிறகுதான் அக்கா வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பிள்ளையும் கதவு வரைக்கும் வந்து நின்றது.

அதிகாரி வந்தால் ரோகிணி பேசுவாளா என்று தெரியாது. வரச் சொல்லுங்கள், ஆனால் ஜீப்பில் வரவேண்டாம். பொலிஸ் உடுப்பும் வேண்டாம். அக்காவும் கூட இருப்பாள். நீங்கள் வருவதைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்கிறார். நானும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மனம் நோகாதீர்கள்.

பஸ்ஸில் அக்கா யன்னல் பக்கம் இருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அங்கே அந்தப் பத்து வருடத்தில் நடந்தது என்ன என்று அம்மா கேட்டுப் பார்த்திருக்கிறார், நான் கேட்டிருக்கிறேன், கட்டின மனுசன் இருக்கும்வரை அவரும் கேட்டிருப்பார். புத்தகப் பை தூக்கியதற்கு மேல் யாருக்கும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாதி வழி தாண்டிய பிறகு நான் கேட்டேன்.

“அந்தப் பிள்ள என்னக்கா சொல்லுச்சு?”

“அவ ஒண்ணும் சொல்லலடா” என்றாள் அக்கா. “நான்தான் சொன்னேன்.”



பிரதாப்